கல்லிலிருந்து இறங்கிவிட்டேன்

போப்ரோவா கிராமம்
நவம்பர் 12

அன்பு மகன் நேனாத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒன்பது கோழிகளும் கிணற்றடியில் வந்து ஒட்டிக்கொண்ட ஒற்றைக்கண் பூனையும் சுகமாக இருக்கிறோம், அதே சுகம் கனடாவில் உனக்கும் மில்யானாவுக்கும் என் பேத்தி ஈவாவுக்கும் குறையாமல் இருக்கவேண்டும். அங்கே இப்போதே பனி விழுகிறதாமே, நீ தலையில் தொப்பி இல்லாமல் லாரியிலிருந்து இறங்கி நிற்கிறாய் என்று உன் மனைவி போனில் கோள் சொன்னாள், நல்ல பெண், இன்னும் நிறையச் சொல்லட்டும். இந்த வருஷம் பிளம் மரம் கிளை தாங்காமல் காய்த்தது. ஸாகோர்காவும் நானும் சேர்ந்து ஜாம் கிளறினோம், அதாவது நான் கிளறினேன், அவள் மருமகளைப் பற்றிக் கதை சொன்னாள், கதை சுவாரஸ்யமாக இருந்ததால் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. குடைமிளகாய் சுட்டு அரைத்துப் புட்டியில் அடைத்தாயிற்று. முட்டைக்கோஸ் பீப்பாயையும் போன வாரமே மூடிவிட்டேன், அதில் ஒரு செய்தி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார். பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை. ஒப்ராத் சித்தப்பா உனக்குப் போன் பண்ணி அரைகுறையாக உளறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் கல்லறையில் நீ வைத்த கறுப்பு கிரானைட் கல்லில் இப்போது நான் இல்லை. என் பெயரும் படமும் இருந்த பாதியை அறுத்து எடுக்கச் சொன்னேன், எடுத்தாயிற்று. யாரும் திருடவில்லை, மரம் விழவில்லை, எனக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை. அறுக்கிற யந்திரத்தின் தண்ணீர் என் செருப்பில் தெறிக்கத் தெறிக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ ஊர்விட்டு ஊர் போய் உழைத்து, அப்பா அம்மா என்ற அன்பில் அனுப்பிய கல் அது. அதனால் ஊரில் வேறு யாருக்கும் சொல்லத் தேவையில்லாத காரணத்தை உனக்கு மட்டும் சொல்லவேண்டும். கோபப்படுவதானால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன் முகம் தெரிந்தவுடனே நீ எப்படி இருக்கிறாய் அம்மா என்று கேட்பாய், நான் எல்லாம் நல்லா இருக்கு கண்ணு என்பேன். நீ பத்தொன்பது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாக அந்த ஒரு பேச்சுதான் என் வாயில் தயாராக இருக்கிறது. வேறு எதுவும் அதைத் தாண்டி வெளியே வராது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் இதில் எழுதுகிறேன்.

செப்டம்பரில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பெண்கள் நம் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்து மூன்று நாள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அறுபத்தைந்து தாண்டிய எல்லோரையும் கூப்பிட்டு உடம்பைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வதாம், வந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சும்மா பார்ப்பார்களாம். சும்மா என்றால் நம் ஊரில் யார்தான் போகமாட்டார்கள். நானும் ஸாகோர்காவும் காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு எல்லா வியாதியும் இருக்குடி வீதா, இவளுக எடுத்துட்டு வந்த தாள் பத்தாது பாரு என்று அவள் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் தெயொதோரா. மூக்கில் ஒரு சின்ன வளையம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமுடி, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தூக்கம் எப்படி, முட்டி வலிக்கிறதா, உப்பு குறைக்கிறீர்களா, எத்தனை தடவை விழுந்து எலும்பு முறிந்திருக்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். உப்பைக் கேட்ட அதே குரலில், தலையைக்கூடத் தூக்காமல், உங்க வாழ்க்கையில யாராவது உங்கள அடிச்சிருக்காங்களாம்மா, சின்ன வயசுலயோ கல்யாணத்துக்கு அப்புறமோ, வீட்டுக்குள்ளயோ வெளியவோ என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் இல்லை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். ரொம்ப நன்றிம்மா என்றாள். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆற்றுப் பாலம் வரைக்கும் வந்தேன் நேனாத். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என் இடது காதில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கொசு பாடிக்கொண்டே இருப்பது உனக்குத் தெரியும், அம்மாவுக்குச் செவிடு என்று நீங்கள் எல்லோரும் வலதுபக்கமாக வந்து பேசுவீர்கள். அந்தக் கொசு அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடியது. அந்தப் பெண்ணிடம் முட்டி வலியைச் சொன்னேன், மலச்சிக்கலைக்கூட வெட்கமில்லாமல் சொன்னேன், ஆனால் அத்தனைக்கும் மூலமான ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. செத்தவரைப் பார்த்து யாருக்குப் பயம், எதற்கு மறைக்கிறேன் என்று என்னையே கேட்டேன். எனக்கு வந்த கோபத்தில் பாலத்தைத் தாண்டாமல் திரும்பி நடந்தேன், அந்த மேட்டில் அவ்வளவு வேகமாக நான் நடந்து பல வருஷம் ஆகிறது.

உள்ளே போனால் என் நாற்காலியில் ஸாகோர்கா உட்கார்ந்திருக்கிறாள். என்னடி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா என்றாள். ஆமா ஒண்ண விட்டுட்டேன் என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னாலேயே, மகளே, நீ போட்ட கோட்டை அடிச்சிட்டு அடுத்த கட்டத்துல போடு, அடிச்சாரு, நாப்பத்திரண்டு வருஷம் அடிச்சாரு என்றேன். சொல்லிவிட்டேன் பார், சொன்னபிறகு கூரையும் இடிந்து விழவில்லை. வெளியே யாரோ ஆட்டைத் திட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஸாகோர்கா வாயை மூடி நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். பிறகு தெயொதோராவிடம், என்னோடதையும் மாத்தி எழுதிக்க மகளே, எனக்குப் புருஷன் இல்ல, எங்க அண்ணன் என்றாள். அறுபது வருஷமாக அவளோடு பழகுகிறேன், அண்ணன் பெயரை எடுத்தால் அவள் ஏன் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே இல்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மறுநாள் திரும்பி வந்தார்களாம், மறதிம்மா வயசாயிடுச்சு பாரு என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. தெயொதோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாளாம்.

என் விஷயத்தில் இன்னொரு கூத்து. பழைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு அலமாரியில் வைத்திருக்கிறாள். தெயொதோரா என்னுடையதை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டு முறிவு, மாடு உதைத்தது. விலா எலும்பு இரண்டு, மாடு உதைத்தது. முன்பல், மாடு தலையால் முட்டியது. இடது காது, அதுவும் மாடுதான். அந்தப் பெண் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, அம்மா, அவ்வளவு முரட்டு மாடா அது என்று கேட்டாள். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். ருமென்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாய். அந்த ஜீவன் வாழ்நாளில் ஒரு ஈயைக்கூட உதைத்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் அவளுக்குக் கெட்ட பெயர். விற்கப் போனபோது வாங்க ஆள் இல்லாமல் போயிற்றே, அதற்குக் காரணம் நான்தான். அவளுக்காவது இப்போது பெயர் சுத்தமாயிற்று, அரசாங்கத் தாளிலேயே எழுதியாயிற்று.

தெயொதோரா சும்மா விடவில்லை. அவளே போன் பண்ணி நகரத்துக் காது டாக்டரிடம் தேதி வாங்கிக் கொடுத்தாள். இதுவரைக்கும் எத்தனை டாக்டரைப் பார்த்தேன், எல்லோரும் வயசாயிடுச்சும்மா என்று சொல்லி அனுப்பினார்கள், நாற்பது வயதிலேயே எனக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன டாக்டரும் உண்டு. இவர் காதுக்குள் விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு இது வயசு இல்லம்மா, அடி, பழைய ஓட்டை என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க முப்பது வருஷம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன யந்திரம் வைத்திருக்கிறார்கள், பட்டாணி அளவுதான். கொசு முழுக்கப் போகவில்லை, ஆனால் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றேன், இடதுபக்கத்திலிருந்து ஒரு பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன் நேனாத். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு நடுத்தெருவில் நின்று ஆடவேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் கடிகாரம் டிக் டிக் என்கிறது, இத்தனை வருஷமாக இது ஊமை என்று நினைத்திருந்தேன். ஸாகோர்கா சாப்பிடும்போது எவ்வளவு சத்தம் போடுகிறாள் என்றும் தெரிந்துபோயிற்று. முன்பல்லையும் கட்டிக்கொண்டேன், இனிமேல் போட்டோ எடுத்தால் வாயைத் திறந்து சிரிப்பேன்.

இனி கல்லுக்கு வருகிறேன். அந்தத் தாளில் இன்னொரு கேள்வி இருந்தது, எப்பவாவது தூக்கம் கெடுதா, எப்ப என்று. யோசித்துப் பார்த்தால், நான் கல்லறைக்குப் போய்விட்டு வருகிற நாளெல்லாம் தூங்குவதில்லை. வீட்டில் ஒன்பது வருஷமாக நான் ராணி. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன், அப்பா இருந்த காலத்தில் ஒரு நாள்கூட நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை, கவனித்திருப்பாய். ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றக் கல்லறைக்குப் போனால் அங்கே கல்லில் நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன், தோளோடு தோள் உரச, வாயை இறுக மூடிக்கொண்டு. பெயர் செதுக்கி, பிறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. நான் வரவேண்டியதுதான் பாக்கி என்பது மாதிரி. நம் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் வைக்கிறார்கள், ஒருத்தர் போனால் இருக்கிறவருக்கும் சேர்த்துச் செதுக்கிவிடுவது வழக்கம், நீ வேறு என்ன செய்வாய். கல் வேலைக்கார ஸ்தானிமிர் உன்னிடம் போனில் அம்மா படத்தையும் அனுப்புங்க என்று கேட்டிருக்கிறான், நீ என்னிடம் கேட்டாய், நானே உன் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இதில் உன் தப்பு ஒரு நெல்லளவும் இல்லை, இதை இரண்டு தடவை படி.

அக்டோபரில் ஸ்தானிமிரின் பட்டறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அத்தை, பேரைச் சேக்கச் சொல்லி வருவாங்க, எடுக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல என்றான். செதுக்கியதை அழிக்க முடியாதாம், கல்லை இரண்டாக அறுக்கத்தான் வேண்டுமாம். சரி அறு என்றேன். கல்லு உங்க மகன் பேருல சொன்ன வேலை, அவன் ஒரு வார்த்தை சொல்லணுமே என்று இழுத்தான். ஸ்தானிமிர், கல்லு அவனோடது, பேரு யாரோடது என்று கேட்டேன். யோசித்தான். பேரு உங்களோடதுதான் அத்தை என்றான். அப்ப என் பேரை என்கிட்ட குடு, அவன் கல்லு அங்கயே இருக்கட்டும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறந்தவர்கள் சனிக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை வந்து அறுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது, மறுநாளே உன் சித்தப்பா காதுக்குப் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை ஊர் முழுக்கக் கல்லறையில் இருந்தது. அவரவர் கல்லறைமேல் துணி விரித்துக் கோதுமையும் ரொட்டியும் ஒயினும் வைத்து, பாதிரியார் ஒவ்வொரு கல்லாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டு வருகிறார். ஒப்ராத் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அண்ணி, நான் கேள்விப்பட்டது நெசமா, எங்க அண்ணன் கல்யாணமே ஆகாதவன் மாதிரி ஒத்தையில கெடக்கணுமா, ஊரு நம்ம குடும்பத்த என்ன பேசும் என்றார். மெதுவாகத்தான் கேட்டார், நான்தான் மெதுவாகப் பேசவில்லை. காது கேட்காத காலத்துப் பழக்கத்தில் என் குரல் பெரிது, மேல் வரிசைக் கல்லறைவரைக்கும் கேட்டதாம். ஒப்ராத், நாப்பத்திரண்டு வருஷம் அவர் பக்கத்துல படுத்தேன், ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல, உயிரோட இருந்தப்ப எனக்குப் போக வேற இடம் இல்ல, செத்தப்புறமாவது நான் கேட்ட இடத்துல தூங்குறேன், ஊரு பேசறதானா என் முன்னாடி வந்து பேசச் சொல்லுங்க, இப்ப எனக்கு ரெண்டு காதும் கேக்குது என்றேன். பாதிரியார் என்ன நினைத்தாரோ, அடுத்த கல்லறைக்குச் சற்று வேகமாக நகர்ந்தார். ஸாகோர்கா தன் வீட்டுக்காரர் கல்லறைமேல் ஊற்ற வைத்திருந்த ரக்கியாச் சாராயத்தை அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்து, குடிடி, அந்த மனுஷன் நல்லவன், கோச்சுக்க மாட்டான் என்றாள். குடித்தேன். பக்கத்துக் கல்லறைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொருத்தி அழுதாள், அவள் யார் என்று எழுதமாட்டேன். ஒப்ராத் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவோடு உறவு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஸ்தானிமிர் அறுக்கும் யந்திரத்தோடு வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது, ஓட்டிக்கொண்டு வந்தது ஒப்ராத். சண்டைக்கு வருகிறார் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர் இறங்கி வந்து தரையைப் பார்த்தபடி, அறுத்ததை எதுல தூக்கிட்டுப் போவீங்க அண்ணி என்றார். பிறகு யந்திரச் சத்தத்துக்கு நடுவே என் காதுக்குப் பக்கத்தில் வந்து, அண்ணி, வேலிக்கு அந்தப்பக்கம் எனக்கு எல்லாம் கேக்கும், நான் ரேடியோவச் சத்தமா வச்சிடுவேன் என்றார். அவர் எழுபது வயது மனிதர். எனக்கு அந்த ரேடியோ ஞாபகம் இருந்தது, நம் வீட்டில் அடி விழும் நாளில் எல்லாம் பக்கத்து வீட்டில் பாட்டு ஓடும், எவ்வளவு சந்தோஷமான வீடு என்று நான் நினைத்துக்கொள்வேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அது அவ்வளவு சீக்கிரம் வராது. தூக்கறதானா கீழ்ப்பக்கமாப் பிடிங்க, இடுப்பு பிடிச்சுக்கும் என்றேன். பிடித்தார். உன் அப்பாவின் பாதி அப்படியே இருக்கிறது, வெட்டிய ஓரத்தை ஸ்தானிமிர் நன்றாக வழவழப்பாக்கி வைத்திருக்கிறான், பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. நான் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், அதில் குறை வைக்கமாட்டேன். உன் அப்பாவும் தன் அப்பாவிடம் குதிரைக் கயிற்றால் அடி வாங்கியவர்தான், முதுகில் தழும்பு இருந்தது, நான் தடவியிருக்கிறேன். அது எனக்குத் தெரியும். அதற்காக என் காது எனக்குத் திரும்பி வந்துவிடுமா?

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும், முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாதது. உனக்குப் பதினோரு வயதில் அப்பாவின் தோல் பெல்ட் காணாமல் போயிற்று, வீடே தலைகீழாயிற்று. சந்தையில் கழற்றி வைத்து மறந்தீர்கள் என்று நான் சாதித்தேன். நீ அதைக் கிணற்றில் போட்டதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் நேனாத். சுவரில் எட்டிப் படுத்து, அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கும்வரைக்கும் இருந்தாய். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசில் அடித்துக்கொண்டு வந்தாய், விசில் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. இந்த உலகத்தில் முதன்முதலில் என் பக்கம் நின்றவன் நீ. உனக்கு அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை என்று மனதில் இருக்கிறது, எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு தூரம் போய் அவ்வளவு பெரிய கல்லாக அனுப்பினாய். போதும் கண்ணா. அந்தப் பாரத்தையும் அந்தக் கல்லோடு சேர்த்து இறக்கி வைத்துவிடு.

உன் கைகள் அப்படியே உன் அப்பாவின் கைகள், அதே அகலம், வளைந்த அதே சுண்டுவிரல். அவை என்ன செய்யப்போகின்றனவோ என்று நீ வளர வளர நான் பயந்துகொண்டே பார்த்தேன், பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுவது பாவம்தான், ஆனாலும் பயந்தேன். போன கோடையில் ஒரு நாள் நீ போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டே ஈவாவுக்குத் தலை பின்னினாய். சிக்கை எடுக்கும்போது அவள் ஆ என்று கத்தினாள், உன் கை உடனே நின்றது. நீ மன்னிச்சுக்கோ என்று சொல்லி, நுனியிலிருந்து மெல்ல மெல்ல மறுபடி எடுத்தாய். நீ என்னிடம் என்னவோ லாரி டயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை, நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தாத்தாவிடமிருந்து வந்தது உன் அப்பாவோடு நின்றுவிட்டது. நம் குடும்பத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எதுவும் கிடையாது, அதை நீ செய்தாய், தலை பின்னிக்கொண்டே செய்தாய்.

சரி, இனிமேல் என்னை எங்கே வைப்பாய் என்று நீ கேட்கவேண்டியதில்லை, அதையும் முடித்துவிட்டேன். மேல் வரிசையில் வேலியோரமாக, ஸாகோர்காவின் இடத்துக்கு அடுத்து எனக்கு ஒரு இடம் கேட்டு வாங்கியாயிற்று. அவள் இப்போதே நான் குறட்டை விடக்கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். அங்கிருந்து ஆறும் பாலமும் தெரிகிறது. அவசரம் ஒன்றும் இல்லை, இப்போது அங்கே புல்தான் இருக்கிறது. காலம் வந்தால் நீ கல் வைக்கலாம், படம் வைப்பதானால் புதுப்பல் தெரியச் சிரிக்கும் படமாக வை, போன மாதம் ஸாகோர்கா எடுத்ததை மில்யானா போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, டாக்டர் மாத்திரையால் என்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

முட்டைக்கோஸ் பீப்பாயைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. அறுத்த பாதிக் கல் முற்றத்தில் கிடந்தது, ஸ்தானிமிர் இதை என்ன செய்வது என்று கேட்டான். முகத்தை அரைத்து எடுத்துவிடு, அந்த மூடிய வாய் எனக்கு வேண்டாம், பெயர் இருக்கிற துண்டை மட்டும் அறுத்துக் கொடு என்றேன். அளந்து பார்த்தால் பீப்பாயின் வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஆற்றுக் கல்லை வைத்து அமுக்கினால் வருஷா வருஷம் ஒரு பக்கம் சாய்ந்து கோஸ் மேலே மிதந்து வரும், உனக்கும் அந்தத் தொல்லை தெரியும். இதைச் சோடா போட்டுத் தேய்த்து, பொன்நிறப் பூச்சை எல்லாம் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரை மூன்று முறை ஊற்றிக் கழுவி, பலகைமேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, ஒரு இலை மேலே வரவில்லை. எழுத்து மேற்பக்கமாகத்தான் வைத்தேன். ஸாகோர்கா வந்து பார்த்துவிட்டு, செத்தவளுக்குத்தான் கல்லு வைப்பாங்க, நீ உயிரோட இருந்துக்கிட்டே அந்தக் கல்ல வச்சு ஊறுகாய் போடற என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையில் உப்புத்தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்தால் என் பெயர்தான் முதலில் தெரிகிறது. பிறந்த வருஷம், அதற்குப் பக்கத்தில் அந்தக் கோடு, கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றும் இல்லாத வெற்றிடம். கல்லறையில் அதைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். இங்கே பார்த்தால் இன்னும் எவ்வளவு இடம் பாக்கி இருக்கிறது என்று இருக்கிறது.

நீ பதில் எழுது. கோபமோ சந்தோஷமோ எதுவானாலும் எழுது, போனில் சொன்னால் நானும் பழையபடி எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவேன். ஈவா தலையை வாரும்போது முதலில் ஈரம் பண்ணிக்கொள், சிக்கு லேசில் விடும். தொப்பி போடு. மில்யானாவின் இருமலுக்கு லின்டன் பூவைக் காயவைத்து இதோடு அனுப்புகிறேன், தேன் போட்டுக் குடிக்கச் சொல். கடவுள் உன் வண்டிக்கு முன்னால் போகட்டும், உன் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்து கதவைப் பார்த்து உட்காராமல் இருக்கட்டும். கோஸ் கிறிஸ்துமஸுக்கு நன்றாகப் புளித்திருக்கும், மூன்று பேரும் வாருங்கள், அந்த இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டிச் சர்மா செய்து வைக்கிறேன். பீப்பாய்க் கல்லைத் தூக்க எனக்கும் ஒரு கை வேண்டும்.

உன் அம்மா,
விதோசாவா
1952 –